படிக்காமல் விட்ட வரி

கோகிலா கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. தகரக் கதவின் அடியில் திணித்திருந்த பழைய புடவையை முதலில் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்ததும் உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது.

காலையிலிருந்து குப்பைமேட்டுப் புகையை முகர்ந்து என் மூக்கு செத்துப் போயிருந்தது. எரிந்த ரப்பர், பிளாஸ்டிக், அழுகிய காய்கறி எல்லாம் கலந்த புகை. மாஸ்க் போட்டு, அதற்கு மேல் முந்தானையையும் கட்டியிருந்தேன். ஒன்றும் பயனில்லை. அந்த நாற்றத்துக்கு நடுவில் சாம்பிராணி வந்ததும் மாஸ்க்கை இறக்கிவிட்டு நீளமாக ஒரு மூச்சு இழுத்தேன். சொர்க்கமாக இருந்தது.

"பாப்பாவுக்குத் தண்ணி ஊத்துனனுங்க்கா. இப்பத்தான் தலைக்குப் பொகை காட்டுனேன்" என்றாள் கோகிலா.

பத்துக்குப் பத்து அறை. ஒரே சன்னல், அதில் ஈரத்துண்டு அடைத்திருந்தது. துணித் தொட்டிலில் பிறந்து மூன்று வாரமான பெண் குழந்தை. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டி, சட்டியில் கரித்தணல், தணல்மேல் சாம்பிராணி.

"சன்னலெல்லாம் மூடிட்டியா?"

"நீங்க வாய்ஸ்ல சொன்ன மாறியே அடைச்சுட்டனுங்க்கா. எங்கீமே சந்து இல்ல."

"இந்த வீதியிலயே நீ ஒருத்திதான் சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருக்கே. சபாஷ்! மூடு, மூடு, புகை உள்ள வருது பாரு."

அவள் கதவை மூடினாள். புடவையை மறுபடி கதவடியில் திணிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

இந்த இரண்டு நிமிடத்தை எழுதத்தான் இத்தனை வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன இடத்தில் நிறுத்தியிருந்தேன். பிறகு சம்பந்தி வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தீர்ந்த சாம்பார் தீர்ந்ததுதான். இது தீரவில்லை. உள்ளே கிடந்து பிறாண்டிக்கொண்டே இருக்கிறது.

மலை தெரிகிறதா?

மைசூர்க்காரர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம், காற்றைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. பெங்களூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து ரயிலை விட்டு இறங்கியதும், பெட்டியை வாங்குவதற்கு முன்னால், "மூச்சை இழுத்துப் பாருங்க, எப்படி இருக்கு?" என்பார்கள். ஏதோ இவர்களே வீட்டில் அரைத்து வைத்தது போல. என் கணவரும் அந்த ரகம்தான்.

எங்கள் வீடு மைசூரில் அக்ரஹாரம் என்கிற பேட்டையில். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சாமுண்டி மலை தெரியும். காற்று எப்படி என்று பார்க்க எனக்கு அது போதும். மலை பளிச்சென்று தெரிந்தால் நல்ல நாள். கோயில் கோபுரம் மங்கினால் ஆஸ்துமாக்காரர்கள் வருவார்கள். மலையே காணவில்லை என்றால் குப்பைமேடு பற்றிக்கொண்டது என்று அர்த்தம்.

வெயில் காலத்தில் அது அடிக்கடி நடக்கும். யாரும் கொளுத்த வேண்டியதில்லை. மலைபோல் குவிந்த குப்பைக்குள் வாயு சேர்ந்து அதுவாகவே பற்றிக்கொள்ளும் என்கிறார்கள். ஒரு நாளும் எரியும், நாலு நாளும் எரியும். தண்ணீர் லாரிகள் வரும், போகும். புகை யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் காற்று முடிவு செய்யும். ஆனால் குப்பைமேட்டுக்குப் பின்னால் இருக்கிற வீடுகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. எந்தத் திசையில் அடித்தாலும் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு.

ஊருக்குள் ஒரு சர்க்கிளில் காற்றின் தரம் காட்டுகிற மின்பலகை இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். நான் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமை அது பச்சையாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நியாயமாகச் சொன்னால் அந்தப் பலகை பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் உள்ள சாலை அது. அது நிற்கிற இடத்தில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

அதனால்தான் எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரம்மா, குப்பைமேடு எரிந்தால் பலகையை நம்பாமல் தானே கன்னடத்தில் ஒரு நோட்டீஸ் தயாரித்து எங்கள் போனுக்கு அனுப்புவார். வீடு வீடாகப் போகிற பெண்கள் நாங்கள் ஆளுக்கு ஒரு பகுதியாக அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எனக்கு வாய்த்தது குப்பைமேட்டுக்குப் பின்வரிசை. முப்பது அறைகளுக்கு மேல் இருக்கும். கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் கல்யாண மண்டபங்களில் துப்புரவு வேலை. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் என் தலையில் கட்டினார்கள். அங்கே எனக்கு 'ஆஸ்பத்திரி அக்கா' என்று பெயர்.

நான் உட்கார்ந்து வேலை செய்கிற ஜாதி இல்லை. "உன் கால்ல சக்கரம் கட்டியிருக்கா?" என்று என் கணவர் கேட்காத நாள் கிடையாது. சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிடுவேன். இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவேன் என்று சுகாதார நிலையத்தில் எனக்கு நல்ல பெயர். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்துவிட்டது

அன்று காலை நோட்டீஸ் வந்தபோது நான் தேவராஜ மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஏழு வரி.

பின்வரிசைக்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கன்னட நோட்டீஸை அப்படியே போட்டால் யார் படிப்பார்கள் என்று, நான் தமிழில் பேசிப் பதிவு செய்து போடுவது வழக்கம். அன்றும் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். சன்னல் கதவுகளை மூடுங்கள். சந்துகளில் ஈரத்துணி அடையுங்கள். வெளியே வராதீர்கள். வந்தே ஆகவேண்டும் என்றால் மாஸ்க் போடுங்கள். கர்ப்பிணி, பச்சை உடம்புக்காரி, குழந்தைகள், வயசானவர்கள் ஜாக்கிரதை. மூச்சு இளைத்தால் உடனே சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

ஏழாவது வரி இதுதான்: மூடிய வீட்டுக்குள் புகை உண்டாக்காதீர்கள். விறகடுப்பு, கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, கரித்தணல் எதுவும் வேண்டாம்.

அதை நான் படிக்கவில்லை.

கண்ணில் படாமல் போகவில்லை. பட்டது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றாதே என்று சொன்னால் அந்த வீதி சும்மா விடுமா என்று தோன்றியது. முன்பொரு முறை, பிறந்த குழந்தை காதில் எண்ணெய் விடாதீர்கள் என்று சொன்னதற்கே ஒரு மணி நேரம் என்னை நிற்கவைத்து வாதாடினார்கள். இந்த ஒரு வரிக்குக் கோபித்துக்கொண்டு மற்ற ஆறையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. விரலை எடுத்தேன். பதிவு போய்விட்டது.

கறுப்புத் தூள்

இவ்வளவுதான் காரணம் என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நானே சொன்னதுதான், வேறு யார் கேட்டார்கள்?

என் அம்மா ஊதுபத்தி உருட்டினாள். மைசூரில் அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிற பலகை இருக்கும். மூங்கில் குச்சிக் கட்டும் கரித்தூளும் வரும். தூளைப் பிசைந்து, பலகையில் வைத்து, உள்ளங்கையால் ஒரே தள்ளு. குச்சி கறுப்பாகிவிடும். அம்மா பேசிக்கொண்டே உருட்டுவாள், சண்டை போட்டுக்கொண்டே உருட்டுவாள். என் பாடப் புத்தகங்களில் அவள் கைரேகை கறுப்பாக இருக்கும். தும்மினால் கைக்குட்டையும் கறுப்பு.

அவளுக்கு எப்போதும் இருமல். "தூசு" என்று சொல்லி ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வாள். வெல்லம் தூசை இறக்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசி வருடங்களில் படுத்தால் மூச்சு வராமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். விறகடுப்பில் சமைத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றோம். கரித்தூளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அது எங்களுக்குச் சோறு போட்டது. சோறு போட்டதைக் குற்றம் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு எழாது.

ஏழாவது வரிக்கு வந்தபோது என் நாக்கும் எழவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு இதையெல்லாம் யோசித்தேன் என்று கதைவிட மாட்டேன். யோசித்ததெல்லாம் பிறகுதான். அன்றைக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் மட்டும்தான் இருந்தது.

மறுபடியும் அதே கதவு

மத்தியானம் சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்து ரிஜிஸ்டரை விரித்தேன். கோகிலாவின் குழந்தைக்கு அந்த வார எடை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. எடை பார்க்கத்தான் அவள் வீட்டுக்கே போனேன். சாம்பிராணியை முகர்ந்துவிட்டு, சபாஷ் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் காலியான கட்டத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எடைபார்க்கிற தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளுணர்வு, தெய்வச் செயல் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். ஒரு மண்ணும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கண் எரிந்தது. கோகிலாவின் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது என்று திரும்பப் போனேன். அப்போது உள்ளே யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினேன். அடியில் இருந்த புடவை விடவில்லை. தோளால் இடித்துத் தள்ளினேன்.

கோகிலா தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். பக்கத்தில் வாந்தி. வேறு யாரும் வீட்டில் இல்லை. அவள் கணவன் மாதேஷ் கம்பி கட்டும் வேலைக்குப் போயிருந்தான். தாய்வீட்டில் தங்கைக்கு அம்மை போட்டிருந்ததால் அவள் பிரசவத்துக்கு ஹனூர் போகவில்லை.

"தல வெடிக்குதுங்க்கா" என்றாள். நாக்கு குழறியது. "பாப்பா பாலே குடிக்கல. எழுப்புனா எந்திரிக்கல."

சட்டியில் மேலே சாம்பல் பூத்திருந்தது, அடியில் இன்னும் சிவப்பு இருந்தது. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தேன். துணிபோலத் துவண்டது. உள்ளங்காலைச் சுண்டினேன். பச்சைக் குழந்தை வீலென்று கத்த வேண்டும். இது முகத்தை மட்டும் சுளித்தது. இன்னொரு முறை சுண்டினேன். மறுபடி அதே சுளிப்பு.

ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கோகிலாவின் தோள். வெளியே வராதீர்கள் என்று காலையில் நான் எந்தக் காற்றைச் சொன்னேனோ, அதே காற்றுக்குத்தான் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் அந்த அறையைவிட அது நல்ல காற்று.

ஆட்டோ கிடைத்தது. கோகிலா என் தோளில் சாய்ந்து விழுந்துகொண்டே வந்தாள். குழந்தையின் முகத்தை வெளிக்காற்றுப் படும்படி பிடித்துக்கொண்டு, "அழுடி கண்ணு, அழு, அழுதுடு" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். யாருக்கும் ஊதுபத்தி ஏற்றுவதாக மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு திருப்பம் இருக்கும்போது பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று.

"அளத்தா இதெ அக்கா, இன்னு பயா இல்லா" என்றார் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே. குழந்தை அழுகிறது, இனி பயமில்லை என்று கன்னடத்தில் சொன்ன அந்த மனிதரின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது.

யார் மூடச் சொன்னது?

தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மூடிய அறையில் கரித்தணல் இருந்தால் நிறமோ மணமோ இல்லாத ஒரு வாயு சேரும், இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் போயிருந்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று இளம் டாக்டர் சொன்னார். கொஞ்சம் தேறியதும் அவர் கோகிலாவிடம் கேட்டார்.

"உள்ள நெருப்பு வெச்சுக்கிட்டு சன்னலை ஏம்மா மூடினீங்க? யார் மூடச் சொன்னது?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். கோகிலா என்னைப் பார்த்தாள். முகத்திலிருந்த மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு சொன்னாள்.

"நாங்களேதானுங் மூடுனோம். நாத்தம் தாங்க முடியலீங்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களை மாதிரி ஆளுங்கதான் இவங்களுக்கு எடுத்துச் சொல்லணும்" என்றார். தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் மாதேஷ் வேலையிலிருந்து நேராக ஓடி வந்தான். கம்பித் துரு ஏறிய கைகளால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "நீங்க வரலைன்னா ரெண்டு உசுரும் போயிருக்குமுங்க்கா. எங்க கொலதெய்வமாட்ட வந்தீங்" என்று அழுதான். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஏதோ முனகிவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். ஓடுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

சால்வை

நாலைந்து நாளில் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மாதக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரு தட்டு நிறைய ஆப்பிள், ஆரஞ்சு. எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். "மல்லிகான நோடி கலீபேக்கு" என்றார் டாக்டரம்மா. மல்லிகாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏழாவது வரியை அவ்வளவு தெளிவாகப் போட்டிருந்தேன்" என்று அவர் கன்னடத்தில் தொடர்ந்தார். "சாம்பிராணி வேண்டாம், கரி வேண்டாம் என்று. மல்லிகா தமிழிலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கேட்டார்களா? நம் ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது."

பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி, "பெற்ற குழந்தை மேலேயே அக்கறை இல்லை, பாருங்கள்" என்றாள்.

பெற்ற குழந்தைமேல் அக்கறை இல்லாதவள் யார்? நான் சொன்ன ஆறு வரியையும் ஒன்று விடாமல் செய்தவள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அம்மா, அவளுக்கு ஏழாவது வரி போகவே இல்லை' என்று ஒரு வாக்கியம். கன்னடத்தில் சொன்னால் இன்னும் சின்னதாக முடிந்துவிடும். வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட, அந்தக் கைதட்டலை நிறுத்த மனசு வரவில்லை. இத்தனை வருடம் ஓடியதற்கு முதல்முறையாக யாரோ என்னை நிற்கவைத்துப் பாராட்டுகிறார்கள். வெட்கம்கெட்டவள், நின்றேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கால் குறுகுறுத்தது. பின்வரிசையில் எல்லா வீட்டுக்கும் போவேன், கோகிலாவின் வாசலில் மட்டும் நிற்க முடியாது. "பாப்பா நல்லாருக்கா?" என்று நடந்துகொண்டே கேட்பேன். அவள் பதில் சொல்வதற்குள் மூன்று வீடு தாண்டியிருப்பேன். சால்வையைப் பீரோவில் வைத்தேன், பிறகு பரணில் வைத்தேன், பிறகு கணவருக்குத் தெரியாமல் கோயிலில் ஒரு அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். எடுத்து எங்கே தள்ளினாலும் மனசு அமைதியாகவில்லை.

அங்கன்வாடிச் சுவர்

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்தாள். அங்கே தப்பி ஓட வழியில்லை. ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டுக் கத்தியது. இந்த அழுகைக்காக அன்றைக்கு ஆட்டோவில் நான் கெஞ்சியதை நினைத்துக்கொண்டேன்.

மற்ற தாய்மார்கள் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கோணுங்."

சுவரில் அந்த நோட்டீஸ் இருந்தது. அங்கன்வாடி டீச்சர் ஒட்டியது, ஒரு மூலை கிழிந்திருந்தது. கோகிலா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்துப் படித்தாள். கன்னடத்தில், தடங்கலே இல்லாமல். நான் எழுத்துக்கூட்டுகிற சில வார்த்தைகளைக்கூட அவள் சரளமாகச் சொன்னாள். ஏழு வரியையும் படித்து முடித்தாள்.

"உனக்குக் கன்னடம் படிக்கத் தெரியுமா?" என்றேன். முட்டாள்தனமான கேள்வி.

"பத்தாவது வரைக்கும் கன்னட மீடியமுங்க்கா. தமிழ்தான் பேசறதோட சரி, எழுத்து தெரியாது."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலீங். என்ற பிரசவக் கார்டுல படிப்புங்கற எடத்துல 'இல்லை'ன்னு நீங்களே எழுதுனீங். சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க அவசரத்துல இருந்தீங்."

அந்தக் கார்டில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விடவில்லை. அதுதான் என் லட்சணம். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதில் என்ன எழுதுகிறேன் என்பது முக்கியமில்லை.

"உங்க வாய்ஸ நாலு தடவ போட்டுக் கேட்டனுங்க்கா" என்றாள். "இந்தக் கடேசி வரி அதுல இல்லீங்."

"இல்லை" என்றேன். "நான்தான் விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்." ஆறு வாரக் குழந்தை அவள் தோளில் இருந்து என்னைப் பார்த்தது. "அன்னைக்கு டாக்டர் கேட்டாரே, யார் மூடச் சொன்னதுன்னு. எம் பேரைச் சொல்லியிருக்கலாமே கோகிலா. ஏன் சொல்லல?"

என்மேல் இருக்கிற பிரியத்தில் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அவள் சொன்னது அப்படி உறைத்திருக்காது.

"சொன்னா உங்கள வேலைய உட்டு எடுத்துப்போடுவாங்க. அப்பறம் வேற ஆளு வரோணும். எங்க வரிசைக்கு யாருங்க்கா வருவாங்க? குப்பமேடு மறுக்கா பத்திக்குமில்லீங்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். உயிர் திரும்பிவந்து கட்டிலில் படுத்திருந்த அந்த நேரத்தில், முகமூடியைத் தூக்குவதற்குள், அவள் இத்தனையும் யோசித்திருக்கிறாள்.

"டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றேன்.

"அது உங்க இஷ்டமுங்." குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டாள். வாசல்வரை போய் நின்றாள். "அடுத்த தடவ நோட்டீஸ் வந்தா அதை அப்படியே எனக்கு அனுப்பிருங்க்கா. நீங்க பேச வேண்டாம். நானே படிச்சு எல்லார்த்துக்கும் சொல்லிக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் அங்கன்வாடித் தரையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அந்த வெயில் காலத்திலேயே குப்பைமேடு மறுபடி பற்றியது. நோட்டீஸ் வந்தது. கோகிலாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குழுவில் அவள் குரல் வந்தது, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நிதானமாகச் சொன்னாள். ஏழாவது வரிக்கு வந்ததும், "இது எனக்கு நடந்துச்சு, அதனால சொல்றேன், சட்டியை வெளிய வைங்க" என்றாள். ஒரு வீட்டிலிருந்துகூட யாரும் சாமி குற்றம் என்று சண்டைக்கு வரவில்லை. அன்றைக்கு நான் வீடு வீடாகப் போனபோது எல்லார் வாசலிலும் தூபக்காலும் கொசுவர்த்தித் தட்டும் வெளியே கிடந்தன. இத்தனை வருடமும் அவர்கள் கேட்க மாட்டார்கள் என்று முடிவுகட்டி வைத்திருந்தவள் நான்.

டாக்டரம்மாவிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். ஒருமுறை அவர் போனில் இருந்தார். இன்னொரு முறை அவர் நிமிர்ந்து பார்த்து "ஏன் மல்லிகா?" என்றே கேட்டார். மருந்து இருப்பு பற்றி எதையோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் இன்னும் கூட்டங்களில் பின்வரிசைப் பெண்ணின் அலட்சியத்தை உதாரணமாகச் சொல்கிறார். நான் இன்னும் தலையாட்டுகிறேன்.

இங்கே எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், ஆகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் டாக்டரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது நன்றாகத் தெரிந்துதான் இங்கே எழுதியிருக்கிறேன்.